மாமியாருக்குக் கோபமே இல்லை

அந்தத் துணிக் கம்பெனியில் கீழ்மாடி முழுக்க மெஷின் சத்தம். பக்கத்தில் நிற்பவள் கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழாது. மேல்மாடியில் பிசிறு வெட்டுகிற அறை மட்டும்தான் அமைதி. தைத்து வந்த சட்டைகளைப் புரட்டி, தொங்குகிற நூலைச் சின்னக் கத்திரியால் நறுக்கிவிட வேண்டும். கைக்குத்தான் வேலை, காதுக்கும் வாய்க்கும் வேலையில்லை. வாய் சும்மா இருக்குமா? ஒருத்தியைப் பற்றி ஒருத்தி பேசி, தினமும் ஒரு சண்டை, ஒரு அழுகை.

அதற்கு மருந்தாகத்தான் அந்தப் பழக்கம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒருத்தி கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள். அவள் வெட்ட வேண்டிய சட்டைகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசருக்கு இது தெரியும். தெரியாத மாதிரிப் போய்விடுவார். கூடை நிறைந்தால் அவருக்கென்ன வந்தது?

முன்பெல்லாம் கொலை, கொள்ளை, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதோடு வாசிப்பு முடிந்துவிடும். செய்தியக்கா என்று பேரெடுத்தவள் வேலைக்கு வந்த பிறகுதான் உலகம் அந்த அறைக்குள் நுழைந்தது. அவளுக்கு அதில் ஒரு வெறி. காரணம் இல்லாமல் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டில் கட்டட வேலை பார்த்த அண்ணன் திடீரென்று ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றான். ஏன்டா வந்துட்டே என்று கேட்டால், "எண்ணெய் விலை விழுந்துடுச்சாம்" என்றான். விலை விழுந்தா நல்லதுதானே என்று வீடே முழித்தது. அவனுக்கும் விளக்கத் தெரியவில்லை. எண்ணெய் விற்றுக் கட்டடம் கட்டுகிற ஊரில் எண்ணெய் மலிந்தால் கட்டடம் நின்றுபோகும் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை. அவள் படிப்பும் அதோடு நின்றது. எவனோ எங்கேயோ செய்ததற்கு நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட வேண்டும் என்று தெரியாமல் செத்துப்போகக் கூடாது என்று பேப்பரைக் கையில் எடுத்தவள், பிறகு கீழே வைக்கவேயில்லை.

வாசித்தால் மட்டும் போதுமா? "கடல்வழி மூடல், கச்சா எண்ணெய் உயர்வு" என்று படித்தால் அறையே கொட்டாவி விடும். அவள் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு சொல்வாள்: "அடியே, தெருக்குழாய்க்கு முன்னாடி ரெண்டு பேர் குடுமிப்பிடிச் சண்டை போட்டா, குடத்தோட நிக்கிற நமக்குத் தண்ணி கிடைக்குமா? அவ்வளவுதான் விஷயம்." கொட்டாவி நின்றுவிடும்.

அவளுடைய பெரிய வித்தை வேறு. நாடுகளையெல்லாம் ஒரே குடும்பமாக்கிவிட்டாள். சட்டைகளை வாங்குகிற பெரிய பணக்கார நாடு மாமியார். நம்மைப்போலவே சட்டை தைத்து அனுப்பும் பெரிய நாடு மூத்த மருமகள். நாம் சின்ன மருமகள், வாய் பேசாதவள். எண்ணெய் நாடு பால்காரர். அப்புறம் கேட்கவா வேண்டும்! அறைக்குள் வருகிறபோதே, "என்னக்கா, மாமியார் இன்னிக்கு என்ன சொல்றா?" என்றுதான் வருவார்கள். உலகமே அவர்களுக்கு ஓர் அடுக்களைச் சண்டையாகப் புரிந்தது. புரிந்ததில் தப்பென்று சொல்ல மாட்டேன். தம் வாழ்க்கையை யார் ஆட்டிவைக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கு அதற்கு முன்னால் யார் சொன்னார்கள்?

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு உயிரானவள் கத்திரி. கையும் வெட்டும், வாயும் வெட்டும் என்பதால் அந்தப் பேர். புருஷன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான். கையில் ஒரு பெண் குழந்தை. அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். அண்ணி நல்லவள்தான், ஆனால் நல்லவர்களுக்கும் இடம் போதவில்லையென்றால் முகம் மாறத்தானே செய்யும்? செய்தியக்காவின் கூடையில் அதிகமாகச் சட்டை விழுவது கத்திரியின் கையிலிருந்துதான்.

ஒருநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது: மாமியார் நாடு, மூத்த மருமகளின் சரக்குக்கு எக்கச்சக்கமாக இறக்குமதி வரி போட்டுவிட்டது. செய்தியக்கா ஸ்டூலை விட்டு எழுந்து நின்று வாசித்தாள். அறை ஆர்ப்பரித்தது. "மூத்தவ ஆடின ஆட்டத்துக்கு வேணும் நல்லா!" என்றாள் ஒருத்தி. "இனிமே சாவி நம்ம இடுப்புலதான்டி" என்றாள் இன்னொருத்தி. அறையில் மூத்தவளான பெரியம்மாகூடச் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம்.

உள்பக்கத்தில் சின்னதாக இன்னொரு செய்தி இருந்தது. துணி வாங்கும் கம்பெனிகள் இதுவரை யாரும் பேரே கேட்காத வேறு இரண்டு மூன்று நாடுகளில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அங்கே கூலி இன்னும் குறைவு என்று. செய்தியக்கா அதைக் கண்ணால் படித்தாள், வாயால் படிக்கவில்லை. அவள் கட்டிய குடும்பத்தில் அந்த நாடுகளுக்கு இடமே இல்லை. மாமியார், இரண்டு மருமகள்கள், பால்காரர். இவர்கள் யார், ஒன்றுவிட்ட உறவா? எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் டிபன் பாக்ஸ் கழுவுகிற இடத்தில் கத்திரி அவளைப் பிடித்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல ஆள் எடுக்குறாங்க. சம்பளம் இங்க வர்றதைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஆனா பிள்ளையப் பார்த்துக்க அங்கேயே ஒரு அறை இருக்கு. தங்கவும் இடம் தர்றாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போகவா, இருக்கவா?"

"பைத்தியமாடி உனக்கு? மாமியார் இப்பத்தான் நம்ம பக்கம் திரும்பியிருக்கா. ஆர்டர் வந்து குவியப் போகுது. ஓவர்டைம் பார்த்தே தனி வீடு எடுத்துடலாம். இந்த நேரத்துல யாராவது கிளம்புவாங்களா?"

"நிச்சயமாவா?"

"நான் என்னிக்காவது தப்பா சொல்லியிருக்கேனா?"

கத்திரி சிரித்தாள். "நீ சொன்னா சரிதான்க்கா" என்று பாக்ஸை உதறிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

முதல் மாதம் ஆர்டர் வரத்தான் செய்தது. பிறகு குறைந்தது. பிறகு சட்டைகள் வருவதற்காகக் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நிலைமை. வெட்டச் சட்டையில்லாத அறையில் பேப்பர் வாசிக்கவும் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் மாமியார் நாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். சிரித்த முகம், மரியாதையான பேச்சு. எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் சூப்பர்வைசர் கைகட்டி நின்றார். இனி இங்கே ஆர்டர் கிடையாது என்பதை அவர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

கத்திரிதான் எழுந்தாள். "அவங்களைக் கேளுங்க சார். எங்க மேல என்ன கோபம்? என்ன குத்தம் செஞ்சோம்?"

சூப்பர்வைசர் தயங்கிக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என்னவோ வேகமாகச் சொன்னாள்.

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லையாம்" என்றார் சூப்பர்வைசர். "நீங்க பண்றது ரொம்ப நல்ல வேலைன்னு சொல்றாங்க. வேற இடத்துல கொஞ்சம் குறைவா முடியுதாம். அவ்வளவுதானாம்."

அந்தப் பெண் போனபிறகு பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "கோபம்னா கால்ல விழுந்து கெஞ்சலாம். கோபமே இல்லன்னா எங்கடி போய் விழுறது?"

செய்தியக்கா அவமானத்தில் தலைகுனிந்தாள். இத்தனை வருஷம் இவர்களுக்கு ஒரு மாமியாரைக் கொடுத்தாளே, அந்த மாமியாருக்கு இப்படி ஒரு மருமகள் இருப்பதே தெரியாது. உறவு இருந்தால்தானே கோபம்? புரியவைக்கிறேன் என்று கிளம்பி, இல்லாத சொந்தத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டாள். பாவி, அந்தச் சின்னச் செய்தியை அன்றைக்கு வாய்விட்டுப் படித்திருந்தால்!

கம்பெனியை மூடினார்கள். கத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே எப்போதோ ஆள் எடுத்தாயிற்று. வேறு எங்கெங்கோ அலைந்தாள். கடைசியில் ஓர் ஏஜெண்டு சொன்னான், மாமியார் நாட்டில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. எவ்வளவு காலம் என்று அவனும் சரியாகச் சொல்லவில்லை.

கத்திரி கிளம்புவதற்கு முன் செய்தியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னாலதான்டி. அன்னிக்கு நான் மட்டும் போன்னு சொல்லியிருந்தா..."

"விடுக்கா. எனக்கும் இருக்கணும்னுதான் ஆசை. நீ அதைத்தான் சொன்னே."

திட்டியிருந்தால் தேவலை. கத்திரியின் அந்த வெட்டுகிற வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது? "பிள்ளையை அப்பப்போ வந்து பார்த்துக்க. அண்ணி சோறு போடுவா, பேச மாட்டா. நீ வந்து ஏதாவது பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் செய்தியக்கா அந்த அண்ணன் வீட்டுக்குப் போக வர இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படியில் கத்திரியின் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்திருந்தது. போனில் அம்மா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்திரியின் இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

"செய்திப் பெரியம்மா, இந்தப் பாப்பாவுக்கு அம்மா இல்லையா?"

"இருக்காங்க கண்ணு."

"செத்துப் போகலையே?"

"சேச்சே. வேலைக்குப் போறாங்க."

"என் அம்மாவும்தானே வேலைக்குப் போறா. அப்போ என் அம்மா ஏன் அந்தப் பாப்பாவைத் தூக்கிக்கிறா? அவங்க அம்மா ஏன் என்னைத் தூக்கிக்கல?"

செய்தியக்கா வாயைத் திறந்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் ஒரு வீடு வரும், ஒரு தெரு வரும், குழாய்ச் சண்டை வரும். ஒன்றும் வரவில்லை. வந்தாலும் இனி அதைச் சொல்ல அவளுக்கு மனசில்லை. குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்ட காசு இருக்கு கண்ணு," என்றாள். "நம்மகிட்ட இல்ல."

உதாரணம் ஒன்றும் சொல்லாமல் அவள் உலகத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. புரியாமல் இன்னும் பத்துக் கேள்வி கேட்கும், அழும் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை அழவில்லை. "ஓ," என்றது. போனை அவளிடம் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து இறங்கிக் கீழே விளையாடப் போனது. அதற்குப் புரிந்துவிட்டது. செய்தியக்கா படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் கேட்காமல் அழுதாள்.