மோர் மருந்தில்லை என்று சொன்ன குமுதா சிஸ்டர்

சென்ற வியாழக்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தைத் திறந்து, முதலில் வந்த அம்மாளின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செவிலிமேட்டிலிருந்து போன் வந்தது. குமுதா சிஸ்டரின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். காலையில எழுப்பப் போனா எழுந்திரிக்கல." அந்த அம்மாளும் சிஸ்டரிடம் சாப்பாட்டு ஆலோசனை கேட்க வருபவர்தான். அவரிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

எங்கள் சர்க்கரை கிளினிக்கில் அவர் எதிரே உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்குப் பொய் சொன்ன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அடுத்த அறையில் பதினோரு வருடம் ரத்தம் எடுத்தவன் என்ற முறையில், நீங்கள் அறியாத சிலவற்றை நான் சொல்ல வேண்டும்.

அவருக்கும் சர்க்கரை இருந்தது. ரிப்போர்ட் வரும் நாளில் அவருக்குச் சோறு இறங்காது; முந்தின இரவு தூக்கமும் வராது. குடலில் வாழும் நல்ல கிருமிகளைப் பற்றி எங்கள் ஊரில் சில வருடங்களுக்கு முன் பேச்சு வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், வயிறு, சர்க்கரை, மனசு மூன்றையும் சேர்த்துச் சரிசெய்யும் என்று ஒரு மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தார். சிஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாதிரிக் கிருமி மோரில் இருக்கிறது, அதற்குத் தீனி சின்ன வெங்காயத்திலும் வாழைத்தண்டிலும் இருக்கிறது என்று சொல்லி, அவற்றைத் தினமும் சாப்பிட்டுத் தன்மேலேயே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. மூன்று மாதம் கழித்து நான்தான் ரத்தம் எடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. படபடப்பு குறைந்து தூக்கமும் வருகிறது என்றார். மோர்தான் காரணமா என்று கேட்டேன்.

"தெரியலப்பா. இப்பதான் நேரத்துக்குச் சாப்பிடுறேன், அதுவா கூட இருக்கும். தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது."

ஆனாலும் மோர், வெங்காயம் பற்றி நோயாளிகளிடம் பேச ஆரம்பித்தார். அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டவர் தேவராஜ். ஓரிக்கைக்காரர், டவுன் பஸ் ஓட்டுநர். மாத்திரையை நிறுத்திவிட்டு, வேளாவேளைக்கு மோர் மட்டும் குடித்திருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து, நல்லவேளையாகப் பஸ் நிலையத்தில் வண்டி நின்றிருந்தபோது, மயங்கி விழுந்தார். சர்க்கரை எங்கள் மீட்டர் காட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது.

அன்று சிஸ்டர் டாக்டரின் அறைக்குத் தானாகவே போய், "இது என் பேச்சால வந்தது" என்றார். டாக்டர் இனி மோர்ப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் அதற்கு ஒப்புக்கொண்டார். தேவராஜ் வீடு திரும்பியதும் என்னை அழைத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எதற்கு மாத்திரையை விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். தேவராஜ் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாத்திரையைப் பாத்தாலே நெஞ்சு அடிச்சுக்குது சிஸ்டர். எங்கப்பாவுக்குக் கால் எடுத்தாங்க, அதான் கண்ணு முன்னால வருது. மோர் குடிச்சிக்கினு இருந்தா நோயாளின்ற நெனப்பே இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கும் முன் சிஸ்டர், இத்தனை வருடமாக எல்லோரையும் தப்பான கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார். ஒரு மாதம், லீவு நாளிலெல்லாம் ஓரிக்கைக்குப் போய், தேவராஜ் சாப்பிட்டு மாத்திரை போடும்வரை உடன் உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டரே மோரைப் பற்றிப் பேச அனுமதித்தார். "மோர் மருந்தில்ல. மாத்திரையோட கூட வர்ற சாப்பாடு" என்பதைத்தான் அதன்பின் முதலில் சொல்வார். என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பார். தேவராஜ் மீண்டும் பஸ் ஓட்டினார். சிஸ்டரின் பாடையை முன்னால் தாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. முன்கோபி. கோயில் கருடசேவைத் திருவிழாவன்று ஒரு ஜாங்கிரி சாப்பிட்டுவிடுவார்; மறுநாள் தானே வந்து விரலை நீட்டுவார்.

போன வருடம் ஒரு மதியம், ஆளில்லாத நேரத்தில் என் ரத்தத்தை நானே சோதித்தேன். சர்க்கரை வந்திருந்தது. இத்தனை வருடமாக மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி எண்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, நான் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைப்பதைக் கவனித்த சிஸ்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல சொல்லிட்டியாப்பா?"

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்றேன். இந்த நோயைப் பற்றி அப்படியொரு வார்த்தையை நான் உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. தனக்கும் இன்னும் பயம் போகவில்லை, ஆனால் அதோடு சாப்பிடவும் தூங்கவும் முடிகிறது என்றார். அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மாலைதான்.