இரண்டு மிதியில் நின்ற கார்

பிரேக் வேலை பார்ப்பவன் வண்டி சொல்வதைக் கேட்க வேண்டும். வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டால் அன்றைய பொழுது போச்சு. பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது ஒரு கருவியைச் செருகினால் கோளாறு திரையில் வந்துவிடுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் நான் ஷெட் போட்ட புதிதில் மூக்கும் காதும் பாதமும்தான் கருவிகள். அந்த நாட்களை நினைத்தால் தேவராஜ் அண்ணனும் அவருடைய சின்ன வெள்ளைக் காரும்தான் முதலில் வருகிறார்கள்.

சத்தமே இல்லை

தேவராஜ் அண்ணன் பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தத் தறி போட்டிருந்தவர். அந்தக் காருக்கு அவர் மூன்றாவது முதலாளி. ஒரு நாள் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடியே ஊர்ந்து வந்து, "பிரேக் சுத்தமா இல்லப்பா" என்றார். பிரேக் ஆயில் குறையவில்லை, குழாயில் ஒழுக்கும் இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றியதும் கமகமவென்று தேங்காய் எண்ணெய் வாசனை. சக்கரத்தோடு சுற்றும் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பேடு, எல்லாமே எண்ணெய்க் குளியல் போட்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, யார் வேலை இது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கீச்சு கீச்சுன்னு கத்திக்கினு இருந்துதுப்பா. தறி கத்தினா எண்ணெய் வுடறதில்ல? இப்ப பாரு, சத்தமே இல்ல."

நல்ல பழக்கம்

அடுத்த வருஷம் ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தார். சரிசெய்து ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கைத் தொட்டால் கார் இடதுபக்கம் இழுத்தது. காலியான சாலையில் பார்த்துவிடலாம் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு தாமல் ஏரிப் பக்கம் போனேன். அங்கேயும் அதே கதைதான். வலது முன்சக்கரத்து பிரேக் பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டதால், இடது சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏரி நிரம்பிக் கிடந்தது, நல்ல காற்று. வேலையை மறந்து இரண்டு பேரும் அரைமணி நேரம் கரையில் உட்கார்ந்துவிட்டோம். அப்படி என்னோடு உட்கார இப்போது எந்த வண்டிக்காரருக்கும் நேரமில்லை. எனக்கு அது வருத்தம்தான். எத்தனை நாளாக இழுக்கிறது என்று அப்போது கேட்டேன். "போன மழைலேர்ந்து இருக்குது. பிரேக் போட்டா அதுவே ஓரமா போய் நின்னுக்குது, நல்ல பழக்கம்தானேன்னு வுட்டுட்டேன்."

ஒரே மிதி

அவருடைய ஒரே மகள் கல்பனாவுக்குத் தாமல் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்சும் வாங்கியிருந்தாள். மறுநாளிலிருந்து அவளே காரை எடுத்துப் போகப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லி, ஆயில் மாற்ற விட்டார். "பிரேக்கைத் தொடாதே, ஜம்முனு இருக்குது" என்று உத்தரவு வேறு. ஷெட்டுக்குள் ஓட்டி பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போனது, கார் நிற்கவில்லை. பதறிப்போய் மறுபடி மிதித்த பிறகு, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பின்சக்கரத்து பிரேக் ஷூ தேய்ந்து, அது அழுத்திப் பிடிக்க வேண்டிய டிரம்முக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. முதல் மிதி அந்த இடைவெளியை மூடவே சரியாகிவிடும். இது எப்படி அவருக்குத் தெரியாமல் போச்சு? குழித்தறியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தறியின் மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்த கால் அது. அவரைக் கேட்காமலே இரண்டாவது மிதியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணா, கல்பனாவுக்கு ஒரு மிதிதான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. எதிர்ல லாரி வந்தா இன்னொரு மிதிக்கு எங்க நேரம்?" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. சாயங்காலம் நான் வேலையை முடிக்கும் வரை சக்கரத்தின் பக்கத்திலேயே குந்தியிருந்தார். திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எட்டு மணிக்கு அவ கெளம்பணும். ஒரே மிதியில நிக்கணும்பா."

பக்கத்து சீட்

மறுநாள் காலை அப்பாவும் மகளும் வந்தார்கள். நான்தான் முதலில் ஓட்டுவேன் என்று அவர் உட்கார்ந்தார். பத்தடி போய் ஓங்கி ஒரு மிதி. கார் சட்டென்று நிற்க, அவர் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. இறங்கி, சாவியைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ சடாரென்று குறுக்கே வந்தது. கல்பனா ஒரே மிதி, கார் நின்றது. எட்டிப் பார்த்தால் தேவராஜ் அண்ணனின் வலது கால் வெறும் தரையை ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மிதித்துக்கொண்டே இருந்தது. கல்பனாவும் பார்த்துவிட்டாள். "நைனா, வண்டி நின்னு போச்சு. நீ காலை எடு."

இன்று அந்தக் காரும் இல்லை, தேவராஜ் அண்ணனும் இல்லை. அன்று பின்சீட்டில் வயிறு வலிக்கச் சிரித்த எனக்கு, என் மகள் ஓட்டும் புதுக் காரில் போய் இறங்கும்போதெல்லாம் வலது கால்தான் வலிக்கிறது.