மகள் வேட்பாளராக நின்ற வார்டு

ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்குப்பா இப்பிடிக் கெடந்து பதறுதிய? நான் என்ன கொல செய்யவா போறேன்?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள் என் பெற்றோர். இங்கே மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டினார்கள். நான் படித்து ஆசிரியராகி, கீழே வயல்காட்டு ஊரில் வீடு கட்டினேன். குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனாலும் வழி கேட்பவர்களுக்கு இன்றைக்கும் என் வீடு 'சிலோன்காரர் வீடு'தான். யாரோடும் வம்பு வைக்காமல் இருந்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். அவள் என்னவென்றால் வீடு வீடாகப் போய், "சிலோன்காரர் மக வந்திருக்கேன் மாமி, ஓட்டு போடணும்" என்று சிரித்தாள்.

வாக்குப்பதிவன்று பள்ளிக்கூட வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால், எங்களைப்போலவே தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள். என் முறை வந்து, அலுவலர் என் பெயரை வாசித்ததும் எதிர் வேட்பாளரின் ஏஜெண்ட் எழுந்தார். நான் தினமும் சாயா குடிக்கும் கடைக்காரர்தான் அவர்.

"இவருக்கு ஓட்டு கெடையாது. சிலோன்ல பொறந்த ஆளாக்கும். நான் ஆட்சேபிக்கேன்."

பின்னால் ஒருவர் மெல்ல விலகிப் படியிறங்குவதைப் பார்த்தேன். நான் திரும்பிப் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். அவர்களுடைய வாக்கு இல்லாமல் மகள் ஜெயிக்க முடியாது.

சாவடித் தலைமை அலுவலர் வெளியூர்ப் பெண். "பட்டியல்ல பேர் இருக்கு. எங்க பொறந்தார்னு இங்க கேக்கக்கூடாது. இந்தப் பேருக்கு உரியவர் இவர்தானா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

கடைக்காரர் சுவரைப் பார்த்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து மீன் விற்கும் அம்மா குரல் கொடுத்தாள். "ஏலே, தெனமும் நீதான சாருக்கு சாயா ஆத்திக் குடுக்க? ஆளத் தெரியலியா? இம்புட்டு நாளும் பேய்க்கா குடுத்த?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆளு இவருதான்" என்றார் அவர்.

விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போய் வாக்குச்சீட்டில் அவசரமாகக் குத்தினேன். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே கோட்டின்மேல் விழுந்துவிட்டதோ, என் வாக்கே செல்லாமல் போய்விடுமோ என்று எண்ணிக்கை முடியும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். படியிறங்கியவர் திரும்பி வந்தாரா என்று பார்க்கவும் தைரியம் வரவில்லை.

மகள் ஜெயித்தாள். அந்த மழைக்காலத்தில் கடை முன்னால் ஓடை அடைத்துக்கொண்டபோது, "மக்கா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கடைக்காரர் அவளைத்தான் கூப்பிட்டார். போய் ஆள் விட்டு மண்ணை அள்ள வைத்தாள். அங்கேயே சாயாவும் குடித்துவிட்டு வந்தாள். எனக்கு இன்னும் அந்தக் கடைக்குள் போக மனம் வரவில்லை.

இப்போது, "அடுத்த தடவ தலைவருக்கு நிக்கலாம்னு இருக்கேன்" என்கிறாள். அவள் அம்மா சிரிக்கிறாள். நானோ வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். வார்டுக்கு ஒரு சாவடிதான். ஊராட்சி முழுவதற்கும் எத்தனை சாவடிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை ஏஜெண்டுகள்!