அத்தையும் நானும் புதைத்த கம்பிகள்

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் எங்கள் வீடு. அதன் பின்புறத் தோட்டத்தில், மண்ணுக்கு நாலு விரல் கீழே, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் செம்புக் கம்பிகள் கிடக்கின்றன. அவற்றைக் குதிகாலால் மிதித்து மூடியவள் நான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இதைப் பெருமையடிக்காமல் சொல்ல எனக்குத் தெரியாது; அதனால் பெருமையடித்தே சொல்கிறேன்.

கம்பிகள் அத்தையுடையவை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பம் திரும்பியபோது சின்னப் பெண்ணாக வந்தவர், படித்து, கொடைக்கானலில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சரானார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தார். சர்க்கார் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும் வாங்கியிருந்தார். போனும் டவரும் இல்லாமல், ஒரு பெட்டி, ஒரு மைக், வெளியே நட்ட அலுமினியக் கம்பம், இவற்றை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசுகிற வித்தை அது. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஓர் அத்தை கிடையாது.

வித்தையில் ஒரு குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் பேசுகிற ரேடியோக்காரர்கள் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். இலங்கையில் அட்டன் பக்கத்திலிருந்துகூட ஒருவர் வருவார். அவர்கள் பேசுவது அத்தைக்குக் கணீரென்று கேட்கும். அத்தை பேசுவதுதான் அவர்களை எட்டாது. தொண்டை வற்றக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மைக்கைக் கீழே வைக்கும்போது அவர் முகம், வகுப்பில் கை தூக்கியும் டீச்சர் கவனிக்காத பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிடும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

“கம்பம் பாதிதான் புள்ள. மீதிப் பாதி மண்ணுல இருக்கணும். நம்ம மண்ணு ரெண்டு சாணுக்குக் கீழ வெறும் பாறையால்ல கெடக்கு,” என்றார் அத்தை. கம்பத்தின் அடியிலிருந்து நாலா பக்கமும் கம்பிகளைப் பரப்பிப் புதைத்தால் பாறையின் குறை தீருமாம். அதற்கு வேண்டிய இடம் அப்பாவின் கேரட் பாத்தி. அப்பா முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கும் முடியாது என்றார். மண்ணின் மேல் இவ்வளவு கஞ்சத்தனமா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கேரட் எடுத்து முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அப்பா வெள்ளனே எழுந்து லாரியோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனார். மறுநாள்தான் திரும்புவார். லாரி வளைவில் மறைவதற்குள் அத்தை சேலையை இழுத்துச் செருகிவிட்டார். மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய பழைய கம்பிச் சுருளை நான் தூக்கி வந்தேன். அத்தை மண்வெட்டியின் நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டே போவார். நான் கீறலுக்குள் கம்பியைப் படுக்கவைத்து மிதித்து மூடிக்கொண்டே பின்னால் போவேன். “அவுக வந்து கேட்டா நான் ஒண்ணும் அறியேன்,” என்று அடுப்படி ஜன்னலிலிருந்து சொல்லிக்கொண்டே அம்மா எங்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். என் குதிகால்கள் கன்றிப் போயிருந்தன. யார் கேட்டாலும் காட்டத் தயாராக இருந்தேன்.

கேட்க வந்தவர் வனக்காவலர்.

எங்கள் மலையில் ஒருவர் தோட்டத்தில் கம்பி போடுகிறார் என்றால் பார்ப்பவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வரும். முந்தின வாரம் காட்டுமாடு இறங்கி எங்கள் முட்டைக்கோஸைத் துவம்சம் செய்திருந்தது. அதற்காகத்தான் கரண்ட் கம்பி புதைக்கிறோம் என்று மேல்தோட்டத்துக்காரர் நினைத்துவிட்டார். தன் பசு இந்தப் பக்கம் வந்து மிதித்துவிடுமே என்ற பயத்தில் வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டார். காட்டுமாட்டுக்குக் கரண்ட் வைத்தால் கேஸ், ஜெயில் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஞாயிறு காலை வந்த காவலர் பாத்தி ஓரத்திலேயே நின்றார். காலை உள்ளே வைக்கவில்லை. அதே நேரம் அப்பாவும் காலிச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“கரண்ட் கம்பி கெடக்குன்னு தகவல். யாருய்யா போட்டது?”

அப்பா சாக்குகளைக் கீழே போட்டார். கீறல் கீறலாகக் கிடந்த பாத்தியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை வாயைத் திறப்பதற்குள், “நாந்தேன் போட்டேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஊரில் இல்லாத மனிதர், ஒரு சாண் கம்பியைக்கூடத் தொடாதவர், எங்கள் வேலையைத் தன் வேலை என்கிறார்! “பொய்யி! அத்தையும் நானுந்தேன் பொதைச்சோம்! அதுல கரண்டே கெடையாது!” என்று கத்தினேன். யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. செருப்பை உதறிவிட்டு, பனியில் நனைந்திருந்த மண்ணில் கம்பிகளை மிதித்துக்கொண்டே கம்பத்தை நோக்கி நடந்தேன். அம்மா அலறினார். அப்பா பாய்ந்து ஓடி வந்தார். அவர் செருப்புகள் திசைக்கொன்றாகத் தெறித்தன. என்னை அள்ளித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தி நடுவில் நின்றார். நான் நடந்து காட்டியதிலும் பங்குக்கு வருகிறார் என்று நினைத்து, இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை லைசென்ஸைக் காட்டி, காவலரை உள்ளே அழைத்துப் பெட்டியைப் போட்டார். மைக்கைப் பிடித்து, லைசென்ஸில் தனக்குக் கொடுத்திருந்த அழைப்புக் குறியைச் சொன்னார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அட்டன்காரரின் குரல்: “டீச்சர்! இன்னைக்குத்தான் ஒங்க கொரலு எங்களுக்குக் கேக்குது. நல்லாக் கேக்குது!”

அத்தை மைக்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். எனக்கு அன்று வந்த சந்தோஷம், பிறகு எந்தப் பரிசுக்கும் வந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கேட்ட அந்தக் குரலில் என் குதிகாலுக்கும் பங்கு உண்டு. காவலர் தொப்பியைக் கழற்றி, “நல்ல வேலையாத்தேன் செஞ்சிருக்கீகண்ணே,” என்று அப்பாவின் கையைக் குலுக்கினார். அப்பா மறுக்காமல், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றார். என் கையை யாரும் குலுக்கவில்லை.

அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்கியவர் என்று அப்பாவை ரொம்ப நாள் சொல்லிக்காட்டினேன். “சரி புள்ள, ஒங்க கம்பிதேன்,” என்று சிரித்துவிடுவார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அத்தைதான் சொன்னார். ரேடியோப் பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகினால் கம்பி முழுவதும் கரண்ட் பாயும் என்று அப்பா நம்பியிருந்தார். அத்தை எத்தனை முறை விளக்கியும் அந்தப் பயம் போகவில்லை. நான் ஓடியாடுகிற இடம் என்பதால்தான் பாத்தியைத் தர மறுத்திருக்கிறார். காவலரிடம் ‘நாந்தேன்’ என்றபோது அக்காவுக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போவதாக நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். வெறுங்காலோடு ஓடி வந்து என்னைத் தூக்கியபோதும், அந்தக் கம்பிகளில் கரண்ட் இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.