வாப்பாவின் நிறம்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது என் வாப்பா என்ன நிறம் என்பது எனக்குத் தெரியாது. வெளியில் சொல்ல வெட்கமான விசயம். அடுத்த வீட்டு ஆட்டின் நிறம் தெரியும், பள்ளிக்கூட வேனின் நிறம் தெரியும், பெற்ற தகப்பனின் நிறம் தெரியாது. ஆறேழு வருடமாகக் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்த வாப்பா, இடையில் ஒரேயொரு தடவை நாற்பது நாள் லீவில் வந்து போயிருந்தார். அந்த நாற்பது நாளும் நான் அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தேனே தவிர அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. உம்மா காலையில் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, பின்னேரத்தில் தையல் வகுப்பு எடுக்கப் போய்விடுவார். நான் ஒற்றைப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது இடைக்கிடை உறுமும். என் வயதில் ஒழுங்கையில் இருந்த ஒரே கூட்டாளியும் அக்கரைப்பற்றுக்குக் குடிபோய்விட்டாள். ஆளில்லாத வீட்டில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று செய்யும். பசி என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட் தின்பேன். தின்ற பிறகும் அது போகாது.

அந்தப் பொழுதுகளில்தான் பென்சிலால் வரையத் தொடங்கினேன். கேத்தல், செருப்பு, கதிரை, கடைசியில் மனிதர்கள். மனிதர்களுக்கு மட்டும் கண் வைக்க மாட்டேன். உயிருள்ளதை வரைந்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று குர்ஆன் ஓதப் போன இடத்தில் சொல்லியிருந்தார்கள். கண்ணை விட்டுவிட்டால் அது முழு ஆள் இல்லை, ஆகவே கேள்வியும் இல்லை என்பது நானாகக் கண்டுபிடித்த சமாளிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோ கோலில் வந்த வாப்பாவுக்கு அவருடைய படத்தையே தூக்கிக் காட்டினேன்.

"இது ஆரு மகள்?"

"நீங்கதான் வாப்பா."

"நானா? அப்ப கண்ணெங்க? கண்ணில்லாம நான் எப்படி உங்களப் பாக்கிற?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த கையோடு இரண்டு கண்ணையும் வரைந்தேன். மறுமையில் கேட்டால் வாப்பா சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் காட்டினேன்.

"இப்ப சரி. இனி நிறமும் அடிச்சு வைங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறன், வந்து பாக்கன்" என்றார்.

பெரியவர்கள் போனை வைக்கும்போது சொல்லும் எத்தனையோ சொல்லில் அதுவும் ஒன்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். படம் முடிந்தால் வாப்பா வருவார், முடியாவிட்டால் வரமாட்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே சட்டம் போட்டு நானே பயந்தேன். கலர் பென்சிலால் அடிக்கவும் துணிவில்லை, பிழைத்தால் அழிக்க ஏலாதே.

உம்மாவின் தம்பி, என் மாமா, கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போட்டோக்கொப்பியும் பாஸ்போட் படமும் எடுக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய கடையில் எல்லோரும் வெள்ளை. உப்புக்காற்றில் கறுத்த தோணிக்காரரும் மாமாவின் கொம்பியூட்டருக்குள் போய் வந்தால் பாலில் குளித்தவராக வெளியே வருவார். ஒருவரும் முறைப்பாடு செய்ததில்லை. கலியாணம் பேச அனுப்பும் படத்தை இன்னும் கொஞ்சம் வெளுக்கச் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகம். மாமா புதிய கொம்பியூட்டர் வாங்கியபோது பழையது எங்கள் வீட்டுக்கு வந்தது. என் படத்தையும் அவர்தான் கடையில் ஸ்கேன் பண்ணி, பென் டிரைவில் போட்டுத் தந்தார்.

"இதுக்கு நானே ஒரு நிமிசத்தில நிறம் போட்டுத் தாறனே புள்ள."

"வேணா மாமா, நீங்க வெள்ளையடிச்சிருவீங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவ்வளவு வாய் எனக்கு.

நிறம் போடப் பழக்கியது ஒரு பெண்ணின் கை. ஆளை நான் பார்த்ததில்லை. வீடியோவில் அந்தக் கையும், திரையில் ஓடும் அம்புக்குறியும்தான் தெரியும். அவர் பேசியது என்ன பாஷை என்றும் எனக்குத் தெரியாது. உம்மாவின் பழைய போனில் டேட்டா இருக்கும்வரை ஒரே வீடியோவை முப்பது நாற்பது தடவை பார்ப்பேன். அந்தக் குரல் கேட்டால் வீட்டில் ஒரு ஆள் இருப்பதுபோல இருக்கும். சில நாட்களில் நான் பாட்டுக்குச் சோறு தின்றுகொண்டு, அதைச் சும்மா பேசவிட்டிருக்கிறேன்.

பென்சில் கோடு ஸ்கேனில் வந்தால் அழகாக இருக்காது. தாளின் அழுக்கு, ரப்பர் தேய்த்த தடம், என் பெருவிரலில் இருந்த எண்ணெய் எல்லாம் சாம்பலாகத் தெரியும். முதலில் தாளை வெளுத்து, கோட்டைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு அந்தக் கோட்டைக் கண்ணாடித் தாள்போல மேலே வைத்து, நிறத்தை அதற்குக் கீழே இன்னொரு தாளில் போட வேண்டும். இந்தத் தாள்களுக்கு லேயர் என்று பெயர். பிடிக்காத லேயரை அழிக்கத் தேவையில்லை, மறைத்து வைத்தால் போதும். நிறம் ஊற்ற ஒரு வாளியும் இருந்தது. மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்து ஊற்றினேன். காதுக்குக் கீழே கோடு மயிரிழை அளவுக்குத் தொடாமல் இருந்திருக்கிறது. மண்ணிறம் அந்த இடைவெளியால் ஓடி, முகம், சட்டை, சுவர் என்று தாள் முழுக்க நிறைந்துவிட்டது, வாய்க்கால் கட்டு உடைந்து வயல் மூழ்குவது மாதிரி. ஒரு கிழமை மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்து ஓட்டை அடைத்தேன்.

எல்லாம் அடைத்து முடிந்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. என்ன நிறத்தை ஊற்றுவது? வீடியோ கோலில் வாப்பா தெரிவது கலங்கல் தண்ணீருக்குள் தெரிவது மாதிரி.

உம்மாவிடம் கேட்டேன். துணி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "பொதுநிறம்" என்றார். அது கலியாணத் தரகர்கள் சொல்லும் நிறம். கொம்பியூட்டரில் அப்படி ஒன்று இல்லை. கலியாண அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஏதோ ஒரு ஸ்டூடியோக்காரரின் கைபட்டது. உம்மாவும் வாப்பாவும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றார்கள். அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வாப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மீசை வந்தது, குரல் வந்தது, நிறம் வரவில்லை. அன்று நான் அழுதேன்.

வீடியோப் பெண்ணின் கை அதற்கும் ஒரு வழி காட்டியது. கண்ணுக்கு மருந்து விடும் துளிக்குழாய் மாதிரி ஒரு கருவி. போட்டோவில் எந்த இடத்தில் வைத்து அமத்தினாலும் அந்த இடத்து நிறத்தை உறிஞ்சித் தரும். ஆக, எனக்கு வேண்டியது வாப்பாவின் முகம், கிட்டத்தில்.

அந்த நாட்களில் வாப்பா போனைத் தள்ளி வைத்துத்தான் கதைப்பார். "கிட்ட வாங்க வாப்பா, படம் எடுக்கணும்" என்றேன்.

"வேலையால வந்த முகம் மகள், களைச்சுப் போய் இரிக்கன். பிறகு எடுப்பம்."

"நிறம் அடிக்கணும். பெருநாளைக்கு முடியாமப் போயிரும் வாப்பா."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டிலில் முன்னால் நகர்ந்து வந்து, கண்ணை அகலத் திறந்து, முகத்தைக் காட்டினார். நான் திரையைப் படம் பிடித்தேன். உம்மா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் துளிக்குழாயோடு இருந்தேன். முதலில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தேன். வாப்பாவின் சட்டையில் வைத்தால் நீலம் வந்தது. அவருக்குப் பின்னால் இருந்த தலையணையில் வைத்தால் வெள்ளை வந்தது. கன்னத்தில் வைத்தேன். மண்ணிறத்தோடு ஒரு மஞ்சள் கலந்து வந்தது. கண்ணின் வெள்ளையில் வைத்தேன். மஞ்சள். அடுத்த கண்ணில் வைத்தேன். அதுவும் மஞ்சள், கறிக்குப் போடும் மஞ்சள். கருவி தந்ததை அப்படியே படத்தில் போட்டேன். படம் வாப்பா மாதிரியே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாமா அந்த வழியால் வந்தபோது கேட்டேன். மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிற்பாட்டாமல், வாசலில் இருந்தபடியே சொன்னார்: "அது றூம் பல்ப்பிட மஞ்சள் புள்ள. கண்ணெண்டா வெள்ளதானே? வெள்ளயப் போடு." உள்ளே வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை, கடை திறக்க வேண்டும்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. மஞ்சள் லேயரை மறைத்துவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தேன். கண்ணை வெள்ளையாக்கினேன். கன்னத்தில் மஞ்சளைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினேன். மாமாவைப் பகிடி பண்ணிய அதே வாய் அப்போது மூடிக்கொண்டிருந்தது.

முடிந்த படத்தை உம்மாவுக்குக் காட்டினேன். கையில் இருந்த துணியை வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"முகம் ஒருமாதிரி இரிக்கே, என்னமோ ஏதோ எண்டு நான் பயந்துக்கிட்டு இருந்தன்" என்றார். "இதப் பாத்தா நல்லாத்தான் இரிக்கார்."

"போட்டோவப் பாத்துத்தான் உம்மா நிறம் எடுத்தன்" என்றேன் பெருமையாக.

உம்மா என் தலையைத் தடவினார். அன்று பின்னேரம் தையல் வகுப்புக்குப் போகும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு போனார்.

நான் அனுப்பிய படத்தை வாப்பா, கோல் எடுப்பவர்களுக்குத் தெரியும் முகப்புப் படமாகத் தன் போனில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வீடியோவில் வரவில்லை. கெமரா உடைந்துவிட்டது என்றார். "அதான் படம் இரிக்கே மகள், அதப் பாருங்க" என்றார். சொந்தக்காரர்கள் சுகம் விசாரிக்க எடுக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னேரங்களில் கொம்பியூட்டரில் வாப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, முன்னால் இருந்து பிஸ்கட் தின்பேன். இரண்டு கண்ணும் என்னைப் பார்க்கும். பசி போன மாதிரி இருக்கும்.

வாப்பா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பே வந்துவிட்டார். கூட வேலை செய்த ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். வேனில் இருந்து இறங்கி, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "மகள்" என்றார். நான் முதலில் பார்த்தது அவருடைய கண்ணைத்தான். துளிக்குழாய் எடுத்துத் தந்த அதே மஞ்சள்.

உம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.  அந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை.

ஈரலில் நோய் என்றார்கள். வாப்பாவுக்கு அது முதலே தெரியும் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து லீவுவரை இழுக்கப் பார்த்தார் என்றும் கூட வந்தவர் சொன்னார். மாமா என் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்தார். வாப்பா படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவர் நல்ல சுகமா இரிக்கார், என்ன மகள்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஓம் வாப்பா" என்றேன். பெருநாள் வந்தபோது அவர் இல்லை.

இன்றைக்கும் நான் பென்சிலால் வரைந்து, ஸ்கேன் பண்ணி, நிறம் போடுகிறேன். தொழிலாக இல்லை. வேலை முடிந்து வந்து, ஆளில்லாத வீட்டில் செய்ய ஒன்று வேண்டுமே. அந்தப் பழைய படமும் இருக்கிறது. மஞ்சள் லேயர் அழியவில்லை, மறைந்துதான் கிடக்கிறது. மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்டால், எந்த லேயருக்கு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது எனக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பல்ப் மஞ்சள் என்றால் அந்த அறையில் இருக்கும் எல்லாமே மஞ்சளாகத்தான் வரும். கண்ணை மட்டும் தேடிப் பிடித்து மஞ்சளாக்குகிற பல்ப் உலகத்தில் இல்லை. அன்று தலையணையில் வைத்தபோது வந்தது நல்ல வெள்ளை. அதை நான் கவனிக்காமல் விடவில்லை. அங்கே யாரோ வாப்பாவின் தலையணை உறையை நன்றாகத் தோய்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.