சிவப்புப் பலகைக்கு அப்பால் நின்ற ஒரு மணிநேரம்

கூர்ப்பு என்ற பரிணாமப் பாடம் தொடங்கிய வாரத்திலேயே நான் செபிப்பதை நிறுத்திவிட்டேன்.

என் பெயர் ஜெனிற்றா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் உயிரியல் படிக்கிறேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தானா என்ற சண்டையெல்லாம் எனக்கு இல்லை. சூழலுக்குப் பொருந்தியது பிழைக்கும், பொருந்தாதது அழியும் என்று விரிவுரையாளர் சொன்னபோது, அண்ணாவின் முகம்தான் வந்தது. கடைசி யுத்தத்தில் பங்கருக்குள் அம்மாவின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணா. செல் குண்டு அவன் பக்கம் விழுந்தது. அவனுக்கு ஏழு வயது. அப்படியானால் அவன் பொருந்தாதவனா? கோபம் முழுவதும் ஆண்டவர் மேல் திரும்பியது. அம்மாவுக்காகப் பூசைக்குப் போவேன். வாய் அசையும், அவ்வளவுதான். சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனேன்.

சென்ற ஆவணியில் சூழலியல் களவேலை வந்தது. பளையைச் சேர்ந்த என் தோழி சுதாவும் நானும் அவர்களுடைய தென்னங்காணி ஓரத்தில் செடிகளை எண்ணப் போனோம். ஒரு மீற்றர் சதுர மரச்சட்டத்தைக் கண்ணை மூடி எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலேயே எண்ண வேண்டும். வசதிக்காக நகர்த்தினால் களவு. நான் விதியென்றால் விடாப்பிடிக்காரி. ஏழாவது முறை சட்டம் தூரப்போய் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"ஜெனி! பலகையடி! அசையாதை!"

சுதா கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். கொடி மூடிய சிவப்புப் பலகை எனக்குப் பின்னால் இருந்தது. மிதிவெடி நிலம். முன்பள்ளியிலிருந்தே படம் காட்டிச் சொல்லித்தந்த பலகை அது, எனக்கே தவறிவிட்டது. காய்ந்த புல்லில் நான் வந்த காலடித் தடமும் தெரியவில்லை. சுதா உதவி தேடி றோட்டுக்கு ஓடினாள். நான் தனியே நின்றேன். கால் நடுங்கியது. விழுந்தால் முடிந்தது.

அப்போதுதான் பல மாதங்களுக்குப் பிறகு வாய் திறந்தேன். "ஆண்டவரே, எனக்கு உம்மில் கோபம் தீரவில்லை. ஆனால் அம்மாவுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். என்னை எடுத்துவிடாதேயும்." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நடுக்கம் மெல்ல நின்றது. எப்படி என்று எனக்குத் தெரியாது.

பக்கத்துக் காணியில் வெடி அகற்றுபவர்கள் மதியத்தோடு போய்விடுவார்களாம். அன்றைக்கு வாகனம் ஸ்டார்ட் ஆகாததால் மதியம் தாண்டியும் அங்கேயே நின்றார்கள். சுதா அவர்களைக் கூட்டிவந்தாள். ஒரு அக்கா கண்ணாடி முகக்கவசம் போட்டு, முழங்காலிட்டு, கருவியால் நிலத்தைத் தடவித் தடவி வந்தா.

"பிள்ளை, காலைப் பாக்காதேங்கோ. என்ர முகத்தைப் பாருங்கோ. வாறன்."

ஒரு மணிநேரம் அந்த முகத்தையே பார்த்து நின்றேன். கையைப் பிடித்து, தான் சோதித்த தடத்திலேயே வெளியே கொண்டுவந்தா. மறுநாள் அந்த மரச்சட்டத்துக்குள்ளேயே ஒரு மிதிவெடி எடுத்தார்கள்.

அன்று வெளியே வந்ததும் நான் அழுதுகொண்டு, "கடவுள்தான் உங்களை அனுப்பினவர், அக்கா" என்றேன்.

அவா முகக்கவசத்தைக் கழற்றினா. "ஓம் பிள்ளை. என்ர பெடியன் மிதிச்ச அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை" என்றா. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குப் போய்விட்டா.

உறவுகளே, உயிர் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன். பாடங்களை விடவில்லை, சோதனையும் எழுதிவிட்டேன். தப்பியதற்கு என்னிடம் ஒரு தகுதியும் இல்லை. அண்ணாவிடமும் அந்த அக்காவின் மகனிடமும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஏன் எனக்கு மட்டும் என்று இப்போது தினமும் அவரிடமே கேட்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உங்களுக்கும் அவரோடு கோபமிருந்தால் மௌனமாகிவிடாதீர்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபத்தோடு கூப்பிட்ட என்னையும் அவர் கேட்டார்.