ஆளுக்குப் பாதித் தாள்

கைபேசி வாங்கப் போயிருந்தேன். உள்ளே எட்டு ப்ராசஸராம், எட்டும் ஒரே மெமரியில் வேலை செய்யுமாம். கடைக்காரர் ஹிந்தியில் பெருமையடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. அந்த ஒரே மெமரிக்கு நாங்கள் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் கடைசி. தலைநகரத்து லோதி ரோட்டில் ஓர் ஆபீஸ். நான்கு கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ப்ராசஸர், கம்ப்யூட்டருக்கு ஒன்றாகத் தனித்தனி மெமரி. நான்குக்கும் பொதுவாக ஒரே மெமரிதான் இருக்கிறது என்று அவற்றை நம்பவைக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் வேலை. எங்கள் என்றால், நானும் செண்பகமும். திருநெல்வேலிக் குடும்பம், கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அந்த மார்ச்சில் ரிடையர் ஆகிறார், வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறார்கள். மென்பொருள் ஓடி, எங்கள் தற்காலிக வேலைக்கு நீட்டிப்புக் கிடைத்தால் அவள் மட்டும் ஹாஸ்டலில் தங்கிவிடுவாள். எனக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள். மென்பொருளுக்காக முருகனிடம் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் நான்கும் சேர்ந்து ஓடியபோது ஒற்றைக் கம்ப்யூட்டரைவிட மெதுவாக ஓடின. ஏனென்று பிடிபடவில்லை.

ஜனவரி மதியங்களில் ஆபீஸே புல்தரையில் உட்கார்ந்து வெயில் காயும். வறுத்த கடலை வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் புல்தரைதான். ஒருநாள் பேப்பரில் ஒரே பக்கத்தில் அவளுக்குக் குறுக்கெழுத்து, எனக்குக் கிரிக்கெட். அவள் இழுக்க, நான் இழுக்க, சண்டை.

"ஆளுக்குப் பாதியா கிழிச்சிருவோமே" என்றவள், கடலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஏங்க, நம்ம மெஷினும் இதத்தான செஞ்சுக்கிட்டு கெடக்கு?"

அதேதான். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு வேண்டியது வேறுவேறு எண்கள். மெமரியின் துண்டுக்கும் பக்கம் என்றுதான் பெயர்; அந்த எண்கள் ஒரே பக்கத்தில் கிடந்ததால், முழுப் பக்கமும் இங்குமங்கும் அலைந்துகொண்டிருந்தது. எண்களைத் தனித்தனிப் பக்கத்தில் பிரித்து வைத்தோம். மென்பொருள் பறந்தது. அன்று சாப்பிட்ட ஜிலேபி மாதிரி பிறகு நான் சாப்பிட்டதேயில்லை.

மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள், "பஹுத் அச்சா" என்று பாராட்டினார்கள். அதே வாரம் ஒரு பெரிய இயந்திரத்துக்கு ஆர்டர் போனது. எல்லா ப்ராசஸரும் ஒரே பெட்டியில், நிஜமாகவே ஒரே மெமரி. எங்களுக்கு நீட்டிப்பு இல்லை.

"இனிமே நாம ஒட்டவைக்க என்ன இருக்கு?" என்றாள் செண்பகம்.

ரயிலடியில் அவள் அப்பா, "நெல்லைப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க தம்பி" என்றார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகாதே என்பதற்குப் பதிலாக, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

கைபேசியோடு திரும்பும்போது கிட்வாய் நகரில் இறங்கினேன். அந்தப் பழைய குவார்ட்டர்ஸில் ஒன்றுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி. அவள் வீடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி ஹிந்தியில் கேட்டார்.

அவள் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்.